பாழடைந்த மலை வீட்டுக்கு ரிசீவராகப் போகிறவர்களுக்கு

நீலகிரியில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளுக்குக் குறைவில்லை. துருப்பிடித்த கேட், பாதி ஓடு பெயர்ந்த கூரை, வாசலை மூடி வளர்ந்த உண்ணிச்செடி. விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: பெரியவர் காலமாகிவிட்டார், பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் வெளிநாட்டில். ‘நான் காசு போட்டு ஓடு மாற்றினால், நாளைக்கு வீடு தம்பி பங்குக்குப் போய்விட்டால்?’ என்று ஒவ்வொருவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வழக்கு வாய்தாவில் நகர்கிறது. மழைக்கு வாய்தா கிடையாது.

இப்படிப்பட்ட வீட்டைக் காப்பாற்றச் சட்டத்தில் இருக்கும் வழிகளில் ஒன்று, சொத்தைத் தன் சார்பில் காத்து நிர்வகிக்க நீதிமன்றம் ஒரு ரிசீவரை நியமிப்பது. உதகையிலோ குன்னூரிலோ கொடைக்கானலிலோ முதல்முறையாக அந்தப் பொறுப்பை ஏற்கப் போகும் இளம் வழக்கறிஞர்களையும், ஓய்வுபெற்ற பொறியாளர்களையும், வருவாய்த் துறையில் இருந்து வந்தவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சட்டம் தெரிந்தவருக்குக் கட்டடம் தெரியாது. கட்டடம் தெரிந்தவருக்கு நீதிமன்றம் தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

ரிசீவர் யார்

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, கட்டளை 40 விதி 1 இதற்கு அடிப்படை. நியாயமும் வசதியும் ஆகும் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால், தீர்ப்புக்கு முன்போ பின்போ ஒரு சொத்துக்கு ரிசீவரை நியமிக்கலாம். நியமனம் ஆனதும் அந்தச் சொத்து நீதிமன்றத்தின் கையில் இருப்பதாகக் கணக்கு. நீங்கள் வாதியின் ஆள் இல்லை, பிரதிவாதியின் ஆளும் இல்லை. மனு போட்டு உங்களை வரவழைத்தவர் வாதியாக இருக்கலாம். அதற்காக அவர் வீட்டில் காபி குடித்துவிட்டு இடத்தைப் பார்க்கப் போகக் கூடாது. இதை நான் கடுமையாகவே சொல்வேன். மலை ஊர்களில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எப்போது ரிசீவரை நியமிக்கலாம் என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 1955இல் கிருஷ்ணசாமி செட்டி எதிர் தங்கவேலு செட்டி வழக்கில் ஐந்து கோட்பாடுகளைத் தொகுத்துச் சொன்னது. இன்றும் எல்லா நீதிமன்றங்களிலும் அதைத்தான் எடுத்து வைக்கிறார்கள். அவற்றில் முக்கியமானது இது: ஒருவருடைய அனுபவத்தில், அதாவது வசத்தில், இருக்கும் சொத்தை அவரிடமிருந்து பிடுங்கி ரிசீவரிடம் கொடுக்க நீதிமன்றம் மிகவும் தயங்க வேண்டும். யாருடைய அனுபவத்திலும் இல்லாமல் நடுவில் கிடக்கும் சொத்து என்றால் அவ்வளவு தயக்கம் தேவையில்லை. கைவிடப்பட்ட மலை வீடுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. அதனால்தான் இங்கே இந்த மனுக்களுக்கு இடம் இருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கென்றே தனி ஏற்பாடு உண்டு. கலிபோர்னியாவில் ஒரு கட்டடம் குடியிருக்கத் தகாத அளவுக்குக் கெட்டு, உரிமையாளர் நோட்டீஸுக்கும் அசையவில்லை என்றால், நகர நிர்வாகமே நீதிமன்றத்துக்குப் போய் ரிசீவர் கேட்கலாம். அந்த ரிசீவர் சொத்தின் மீதே கடன் வாங்கிப் பழுது பார்த்துவிட்டுக் கணக்கு முடிப்பார். நம்மிடம் அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. இங்கே ரிசீவர் என்றால் பெரும்பாலும் ஏற்கெனவே நடக்கும் ஒரு வழக்குக்குள் வருபவர்தான். வழக்கே இல்லாமல் ஒரு கட்டடம் தெருவில் விழப் பார்க்கிறது என்றால் அதற்கு வேறு கதவு: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2023இன் பிரிவு 152, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133. அதன்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து, இடிக்கவோ பழுது பார்க்கவோ தாங்கல் கொடுக்கவோ உத்தரவு வாங்கலாம். நகராட்சிக்கும் தனியாக அதிகாரம் உண்டு. எந்தக் கதவு என்று முதலிலேயே தெளிவாக இருங்கள். அவசரமான ஆபத்துக்கு உரிமையியல் வழக்கை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

உத்தரவைப் படியுங்கள், பிறகு மறுபடியும் படியுங்கள்

ரிசீவருக்கு என்ன அதிகாரம் என்பதை நியமன உத்தரவுதான் சொல்லும். பராமரிக்க, பாதுகாக்க, மேம்படுத்த, வாடகை வசூலிக்க, வழக்குத் தொடர, ஆவணங்களில் கையெழுத்திட என்று உரிமையாளருக்கு உள்ள அதிகாரங்களை விதி 1 அடுக்குகிறது. அவற்றில் எதையெல்லாம் தருவது என்பது நீதிபதியின் முடிவு. சில உத்தரவுகள் ‘சொத்தைப் பொறுப்பேற்றுப் பராமரிக்கவும்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு கூரையைப் பிரிக்கத் தொடங்கினால் நாளைக்கு அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

ஒரு வரி உத்தரவு வந்தால் உடனே ஒரு மெமோ அல்லது மனு போட்டு விளக்கம் கேளுங்கள். அவசரப் பழுதுக்கு எவ்வளவு வரை உங்கள் பொறுப்பில் செலவழிக்கலாம், அதற்கு மேல் எப்படி அனுமதி வாங்குவது, பணம் எங்கிருந்து, உங்கள் சம்பளம் எவ்வளவு, யார் தருவது, அறிக்கை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை. இவை எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் சாவியை வாங்காதீர்கள்.

பிணையம் கேட்டிருந்தால் அதை முதலில் கட்டிவிடுங்கள். பிணையம் கட்டுவது, கணக்கு சமர்ப்பிப்பது, கையில் சேரும் பணத்தை நீதிமன்றம் சொல்கிறபடி செலுத்துவது எல்லாம் விதி 3இல் இருக்கும் கடமைகள். வேண்டுமென்றே செய்த தவறாலோ பெரும் அசட்டையாலோ நஷ்டம் வந்தால் அதற்கும் ரிசீவரே பொறுப்பு. கணக்கு கொடுக்காவிட்டால் விதி 4இன் கீழ் உங்கள் சொத்தையே ஜப்தி செய்ய முடியும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் கையில் இருப்பது ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பாக இருக்கலாம்.

பொறுப்பேற்கும் நாள்

இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் எழுத்தில் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் போங்கள். மலையில் மதியம் மூன்று மணிக்கு மேல் மஞ்சு இறங்கிவிட்டால் எதிரில் இருக்கும் சுவரே தெரியாது. கிராம நிர்வாக அலுவலரும் நில அளவையரும் வந்தால் நல்லது. எல்லைக் கல் எங்கே என்று அன்றைக்கே பார்த்துவிட்டால் பின்னால் பாதிச் சண்டை குறையும். பட்டா, நில அளவைப் படம், வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு எண் ஆகியவற்றின் நகல்களை முன்பே வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

பூட்டை உடைக்க வேண்டும் என்றால் உத்தரவில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே போனதும் அறை அறையாக வீடியோ எடுங்கள். பிறகு பொருள் பட்டியல். பழைய பங்களாக்களில் ஈட்டி மரத்திலும் தேக்கிலும் செய்த மேசை, அலமாரி, கதவு, கணப்பின் மேல் மரச்சட்டம், பித்தளைக் கொண்டி என்று விலைமதிப்புள்ளவை நிறைய இருக்கும். இவைதான் முதலில் காணாமல் போகும். கதவு, ஜன்னல், தரைப்பலகை ஆகியவற்றையும் பட்டியலில் எழுதுங்கள். தரைப்பலகையைப் பெயர்த்துக்கொண்டு போனவர்களும் உண்டு. வந்திருப்பவர்கள் எல்லாரிடமும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்திட மறுப்பவர் பெயரையும் மறுத்ததையும் எழுதிவிடுங்கள்.

தரையில் பார்த்து நடங்கள். ஈரத்தில் ஊறிய மரத்தளம் மேலே பளபளவென்று இருந்தாலும் கீழே சட்டம் இற்றிருக்கும். சுவரோரமாகவே நடப்பது நல்லது. மின்சாரத்தை மெயினில் நிறுத்திய பிறகே உள்ளே கால் வையுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பூட்டிய வீடுகளில் கரடி தங்கியிருக்கும். கொடைக்கானலில் தோட்டத்துக்குள் காட்டுமாடு படுத்திருக்கும். சந்தேகம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லி அவர்கள் வந்த பிறகு திறங்கள்.

உள்ளே இருக்கும் மனிதர்கள்

‘யாரும் இல்லாத வீடு’ என்று மனுவில் எழுதியிருப்பார்கள். போய்ப் பார்த்தால் பின்கட்டில் ஒரு காவலாளியின் குடும்பம் இருக்கும். தோட்டமும் சேர்ந்த சொத்து என்றால் தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீடுகளில் நாலைந்து குடும்பங்கள் இருக்கும்; சம்பளம் வந்து வருடங்கள் ஆகியிருக்கும், ஆனாலும் அவர்கள்தான் இத்தனை நாள் கேட்டைப் பூட்டித் திறந்திருப்பார்கள். இந்த வேலையில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான்.

கட்டளை 40 விதி 1இன் இரண்டாம் உட்பிரிவை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் தரப்பினர் யாருக்கும் இப்போது வெளியேற்ற உரிமை இல்லாத ஒருவரை, ரிசீவர் நியமனத்தைக் காட்டி வெளியேற்ற முடியாது. வாடகைக்கு இருப்பவரை அப்புறப்படுத்தச் சட்டப்படி வேறு வழி; அது உங்கள் வேலையில் சேராது. மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தி ஆட்களைக் கிளப்புவது தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2017இன்படியும் தவறு. ‘பழுது பார்க்கணும், காலி பண்ணுங்க’ என்று தரப்பினர் உங்கள் வாயால் சொல்ல வைக்கப் பார்ப்பார்கள். சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் கட்டடம் உண்மையிலேயே விழும் நிலையில் இருந்தால்? அப்போது உயிர்தான் முதலில். அதே வளாகத்தில் உறுதியான அறை ஒன்றைச் சரிசெய்து, அவர்களோடு உட்கார்ந்து பேசி, தற்காலிகமாக அங்கே மாறச் சொல்லுங்கள். திரும்பி வரும் உரிமை அப்படியே இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். மறுத்தால் பொறியாளர் அறிக்கையோடு நீதிமன்றத்தில் அவசர மனு. அந்தக் குடும்பத்துக்கு வழக்கில் பெயர் இருக்காது, வழக்கறிஞர் இருக்க மாட்டார். அவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று நீதிபதிக்குத் தெரியும் ஒரே இடம் உங்கள் அறிக்கைதான். பெயர், எத்தனை பேர், எத்தனை வருடமாக இருக்கிறார்கள், சம்பளப் பாக்கி உண்டா என்று முதல் அறிக்கையிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று. குளிர்காலத்தில் காவலாளிகள் மூடிய அறைக்குள் கரி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்குவார்கள். அந்தப் புகையில் வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும் வாயு இருக்கிறது. அடைத்துக்கொண்ட புகைபோக்கி உள்ள கணப்பும் அதே ஆபத்துதான். நீங்கள் நியமிக்கும் காவலாளிக்கு நல்ல கம்பளியும், திறக்கும் ஜன்னலும், ‘உள்ளே கரி வேண்டாம்’ என்ற கண்டிப்பான பேச்சும் முதல் நாளே கொடுக்க வேண்டும்.

முதல் வேலை தண்ணீரைத் திருப்புவது

புதிதாக வருகிறவர்கள் பெயிண்டிலிருந்து தொடங்குவார்கள். மலையில் அது வீண் செலவு. இங்கே வீட்டைக் கெடுப்பது தண்ணீர். கூரையில் இறங்குவது, சுவருக்குப் பின்னால் தேங்குவது, அடித்தளத்தின் கீழே ஓடுவது. மூன்றையும் சரிசெய்யாமல் வேறு எதைத் தொட்டாலும் அடுத்த ஆடியில் போய்விடும்.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்கு. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கம் பெய்த மழையில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த இரண்டு தேதிகளிலேயே ஒரு பாடம் இருக்கிறது: அவலாஞ்சி, கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவம் ஓங்கும், குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் வடகிழக்கு. கொடைக்கானலுக்கும் வடகிழக்கில்தான் கனமழை. உங்கள் வீடு மலையின் எந்த முகத்தில் இருக்கிறது என்று தெரியாமல் வேலைத் திட்டம் போட முடியாது.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. இறந்த இலையும் ஓட்டுச் சில்லும் அடைத்துக் கிடக்கும் கூரை ஓரத் தகர வாய்க்கால்களைச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு கூரைகள் சேரும் பள்ளத்தில் போட்ட தகரம் ஓட்டையாகியிருக்கும். ஒழுகும் இடங்களில் பாதி அங்கிருந்துதான். ஓடு போன இடத்தில் நல்ல கனமான தார்ப்பாயைக் கட்டுங்கள், ஆணி அடிக்காதீர்கள், ஓட்டைத் தாங்கும் பழைய மரச்சட்டம் (ரீப்பர்) பிளந்துவிடும். வீட்டைச் சுற்றிப் பழைய கல் வாய்க்கால் கட்டாயம் இருக்கும், மண் மூடியிருக்கும். அதைத் தோண்டித் திறந்தாலே சுவரின் ஈரம் பாதி குறைவதைப் பார்ப்பீர்கள். வீட்டின் மேல்பக்கச் சரிவில் விழும் தண்ணீர் எங்கே போகிறது என்பதை மழை பெய்யும்போதே குடை பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். வெயிலில் பார்த்து இதைச் சொல்லவே முடியாது.

பிறகு தடுப்புச் சுவர்கள். மலை வீடு நிற்பதே மேலே ஒரு தடுப்புச் சுவரும் கீழே ஒரு தடுப்புச் சுவரும் பிடித்திருக்கும் மண்ணில்தான். சுவரில் தண்ணீர் வெளியேற விட்ட துளைகள் அடைபட்டால் பின்னால் மண் ஊறிப் பாரம் கூடும், சுவர் வயிறு தள்ளும். வயிறு தள்ளிய சுவரைப் பார்த்தால் அதன் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள், அதன் அடியில் மண்ணைத் தொடாதீர்கள். 2024 பிப்ரவரி 7 அன்று ஊட்டிக்கு அருகே லவ்டேல் காந்தி நகரில் தடுப்புச் சுவர் வேலைக்காக மண் தோண்டியபோது, பக்கத்தில் இருந்த பழைய கழிப்பிடக் கட்டடம் சரிந்து விழுந்தது. ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அது மழைக்காலம் கூட இல்லை. பாழடைந்த கட்டடத்தின் பக்கத்தில் கடப்பாரை வைக்கும் ஒவ்வொரு ரிசீவரும் அந்த ஆறு பேரை நினைக்க வேண்டும். மேலே இருப்பதற்கு முட்டுக் கொடுக்காமல், அல்லது அனுமதியோடு இறக்காமல், கீழே தோண்டக் கூடாது. மேலிருந்து கீழே வேலை செய்யுங்கள்: கூரை, சுவர், அதற்குப் பிறகே அடித்தளம். தோண்டியே ஆக வேண்டும் என்றால் சிறு சிறு துண்டாக, ஒரு துண்டைக் கட்டி முடித்துவிட்டு அடுத்தது.

சுவருக்குச் சிமெண்டா சுண்ணாம்பா என்று கேட்பார்கள். பழைய பங்களாக்களின் சுவர்கள் பெரும்பாலும் செங்கல்லோ கல்லோ சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. அவற்றின் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கி, பூச்சும் செங்கல்லின் மேல்தோலும் சேர்ந்து உரியும். சுண்ணாம்பிலேயே பூசுங்கள். ஆள் கிடைப்பது கஷ்டம், காய நாளாகும், ஒப்பந்ததாரர் முகம் சுளிப்பார். ஆனாலும் அதுதான் சரி. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் மட்டும் புதுப் பூச்சைத் தொடாதீர்கள்.

அனுமதி வாங்காமல் தொடக் கூடாதவை

நீதிமன்ற உத்தரவு கையில் இருந்தால் மற்ற சட்டங்கள் ஒதுங்கிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உரிமையாளர் எந்தெந்த அனுமதி வாங்க வேண்டுமோ அவை அனைத்தையும் ரிசீவரும் வாங்க வேண்டும்.

மரம் என்றால் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955. கூரை மேல் சாய்ந்து நிற்கும் கற்பூர மரமோ சீகை மரமோ ஆபத்தாகத்தான் இருக்கும். படம் எடுத்து, பொறியாளர் குறிப்பையும் இணைத்து விண்ணப்பியுங்கள். வெட்டிய மரத்தை வளாகத்தை விட்டு வெளியே கொண்டுபோவதற்கும் தனி அனுமதி வேண்டும். அந்த மரமும் வழக்குச் சொத்துதான் என்பதை மறக்க வேண்டாம். விற்றால் பணம் கணக்கில் வர வேண்டும்.

கட்டடத்தில், ஓடு மாற்றுவதும் வெள்ளையடிப்பதும் ஒரு வகை. சுவரை இடித்துக் கட்டுவதும் அறை சேர்ப்பதும் வேறு வகை. இரண்டாம் வகைக்கு மலை நகரங்களுக்கான கட்டட விதிகள், 1990இல் அமைத்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம், கட்டட உயரக் கட்டுப்பாடு எல்லாம் வந்துவிடும். எது எந்த வகை என்று சந்தேகம் இருந்தால் நகராட்சியிடம் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பொக்லைன், ஜேசிபி வேண்டுமென்றால் கலெக்டர் அனுமதி. ஆழ்துளைக் கிணறும் அப்படியே. பெரும்பாலான பழுதுக்கு இவை எதுவும் தேவைப்படாது, மண்வெட்டியும் நாலு ஆளும் போதும்.

கழிவுத் தொட்டிக்கு உள்ளே எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை, கையால் கழிவு அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. லாரி போகாத பாதை என்று சாக்குச் சொல்வார்கள். நீளமான குழாய் போட்டு எடுக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் பழையதை மூடிவிட்டுப் புதுத் தொட்டிக்கு அனுமதி கேளுங்கள்.

பணம்

பாழடைந்த வீட்டில் வருமானம் இருக்காது, அதனால்தான் அது பாழடைந்தது. ரிசீவருக்குப் பணம் வரக்கூடிய வழிகள் சில. தரப்பினரை அவரவர் பங்கின்படி நீதிமன்றத்தில் கட்டச் சொல்லலாம். வாடகைதாரர் இருந்தால் இனி வாடகையை உங்களிடம் கட்டச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். வீட்டோடு தேயிலை இருந்தால் அதுதான் பெரிய உதவி: காடாக வளர்ந்த செடியைக் கவாத்து வெட்டி, சில மாதம் பொறுத்தால் பச்சைத் தேயிலை எடுக்கத் தொடங்கலாம். கவாத்து வெட்டினால் சிறுத்தையும் கரடியும் ஒளியும் இடமும் குறையும். தொழிற்சாலையின் எடைச் சீட்டு ஒவ்வொன்றையும் கோப்பில் வையுங்கள். வேறு வழியே இல்லை என்றால் சொத்தின் ஒரு பகுதியைக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடவோ, கடன் வாங்கவோ நீதிமன்றத்தின் முன் அனுமதி கேட்கலாம். அனுமதி இல்லாமல் இரண்டையும் செய்யாதீர்கள். சொந்தப் பணத்தைப் போட்டுவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அவசரத்துக்குத் தார்ப்பாய் வாங்கியது தவிர.

ரிசீவர் என்ற பொறுப்பின் பெயரில் தனி வங்கிக் கணக்கு. ரொக்கமாகக் கொடுப்பது கூலிக்கு மட்டும், அதுவும் கையெழுத்து வாங்கிய பதிவேட்டோடு. மதிப்பீடுகளைக் குறைந்தது மூன்று பேரிடம் வாங்கி, இரு தரப்புக்கும் நகல் கொடுத்து, ஆட்சேபம் சொல்ல நாள் கொடுத்து, பிறகு நீதிமன்றத்தில் வையுங்கள். ஆட்சேபத்தை முன்பே கேட்டுவிட்டால் பின்னால் ‘அதிக விலை’ என்ற பேச்சுக்கு இடமில்லை. உங்கள் உறவினரோ, உங்களிடம் வழக்கு நடத்தும் கட்சிக்காரரோ ஒப்பந்ததாரராக வரவே கூடாது. வருமான வரியிலும் ரிசீவர் கையில் வரும் வருமானத்துக்கு அவரையே பிரதிநிதியாகப் பார்ப்பார்கள், ஆகவே ஆடிட்டரை முதல் ஆண்டிலேயே பிடித்துவிடுங்கள்.

இப்போது நாள்காட்டி பற்றி ஒரு விஷயம், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மே மாதம் உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. ஜூனில் தென்மேற்கு மழை. அதாவது ஏப்ரலில் மதிப்பீட்டு மனு போட்டால், உத்தரவு வரும்போது கூரை நனைந்துகொண்டிருக்கும். எதிர்த் தரப்பு பதிலுரைக்கு இரண்டு வாய்தா கேட்பார் என்று வைத்துக்கொண்டு, ஜனவரிக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை மலையில் நல்ல வேலைக்காலம். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில் கிடைக்கும் இடைவெளியையும் சின்ன வேலைகளுக்குப் பயன்படுத்தலாம். சுற்றுலா சீசனில் கீழிருந்து வரும் வண்டிகளுக்கு நேரம் அதிகமாகும், இ-பாஸ் (இணையத்தில் வாங்கும் நுழைவு அனுமதி) தேவையா என்றும் பார்க்க வேண்டும். ஓடு, சுண்ணாம்பு, மரச்சட்டம் எல்லாவற்றையும் மார்ச்சுக்குள் மேலே ஏற்றிவிடுங்கள்.

வேலை நடக்கும்போது

தினமும் போக முடியாவிட்டாலும் கூரையைப் பிரிக்கும் நாளும், சுவருக்கு முட்டுக் கொடுக்கும் நாளும், மண் தோண்டும் நாளும் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். தொழிலாளர்களுக்குக் காப்பீடு எடுத்த பிறகே வேலை. ஒப்பந்ததாரரின் ஆள்தானே என்று விட்டுவிட முடியாது. விபத்து நடந்தால் இழப்பீட்டுக் கேள்வி சொத்தின் மீதும் வரும். பழைய தோட்டக் கட்டடங்களின் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் உடைக்காமல், நனைத்து, முகமூடி போட்டு முழுதாக இறக்கச் சொல்லுங்கள்.

தரப்பினர் வருவார்கள். ஒருவர் ‘அந்தக் கதவை மாத்தாதீங்க, அது எங்க அப்பா போட்டது’ என்பார். இன்னொருவர் அதே கதவைத் தூக்கிப் போடச் சொல்வார். இரண்டு பேருடைய வருத்தமும் உண்மையானது. பொறுமையாகக் கேளுங்கள், அப்புறம் ‘எழுதிக் கொடுங்க, கோர்ட்டில் வைக்கிறேன்’ என்று சொல்லுங்கள். யாராவது வேலையைத் தடுத்தாலோ புகுந்தாலோ நீங்களே மல்லுக்கு நிற்க வேண்டாம். நீதிமன்றத்தின் வசம் இருக்கும் சொத்தில் குறுக்கிடுவது நீதிமன்ற அவமதிப்பு ஆகலாம். தேதி, நேரம், சாட்சி, படம் ஆகியவற்றோடு அறிக்கை கொடுத்தால் போதும். உங்கள் மேல் வழக்குப் போட நினைப்பவரும் நியமித்த நீதிமன்றத்தின் அனுமதி பெற்றாக வேண்டும்.

அறிக்கை, கணக்கு, விடுபடுதல்

அறிக்கை சுருக்கமாக இருக்கட்டும், படங்கள் நிறைய இருக்கட்டும். வேலைக்கு முன், நடுவில், பின் என்று ஒரே இடத்தில் நின்று எடுத்த படம் பத்துப் பக்க விளக்கத்துக்குச் சமம். வந்த பணம், போன பணம், கையிருப்பு; ஒவ்வொன்றுக்கும் ரசீது எண். அடுத்த மழைக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு பத்தி. இரு தரப்புக்கும் நகல். நியமனத்தையே எதிர்த்து யாராவது மேல்முறையீடு செய்திருந்தால், தடை உத்தரவு வரும்வரை உங்கள் பொறுப்பு தொடர்கிறது. நீலகிரிக்கு மேல்முறையீடு கடைசியில் சென்னையிலும் கொடைக்கானலுக்கு மதுரைக் கிளையிலும் போய் நிற்கும்; எங்கே என்ன உத்தரவு என்று நீங்களே பார்த்துக்கொண்டிருங்கள்.

வழக்கு முடிந்தாலோ சமரசம் ஆனாலோ உங்கள் பொறுப்பு தானாக முடிந்துவிடாது. நீதிமன்றம் விடுவிக்க வேண்டும். இறுதிக் கணக்கைக் கொடுத்து, அது ஏற்கப்பட்டு, மீதப் பணத்தைச் செலுத்தி, முதல் நாள் எழுதிய பொருள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஒப்படைக்க வேண்டும். அதோடு, கேட்டாலும் யாரும் தராத ஒன்றையும் கொடுங்கள்: வாய்க்கால்கள் எங்கே போகின்றன, எந்தச் சுவரில் எந்தத் துளை, எந்த ஓடு எந்தக் கடையில் வாங்கியது, புகைபோக்கியை எப்போது சுத்தம் செய்தது என்று ஒரு தாளில் எழுதி, புதிய பொறுப்பாளருக்கு ஒன்றும் பின்கட்டில் இருக்கும் குடும்பத்துக்கு ஒன்றும். பிறகு விடுவிப்பு உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள், பிணையத்தை விடுவிக்க மனு போடுங்கள், வங்கிக் கணக்கை மூடுங்கள். கோப்பை மட்டும் எரிக்காதீர்கள். மேல்முறையீட்டில் அது மறுபடியும் தேவைப்படும்.